மழலைப் பருவத்தில் கவனிக்க வேண்டியவை



ஆண்டு மலரில் தலவரலாறும் திருவிழாச் சிறப்புமே எழுதிப் பழகியவன் நான். இம்முறை கைக்குழந்தைகளின் உடல்நலம், வளர்ச்சி பற்றி எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் பணித்தனர். நான் மருத்துவம் பயின்றவன் அல்லன். ஜொகூர் மாநிலத் தமிழ்ப்பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக, அதிலும் பெரும்பாலும் முதலாம் வகுப்பில், அரிச்சுவடி கற்பித்தவன். ஏழு வயதில் என் முன்னே வந்து அமர்ந்த பிள்ளைகளில் சிலருக்குக் காது மந்தம். சிலர் சோகை பிடித்து வெளுத்திருப்பர். ஓரிருவருக்குக் கைகால் சொன்னபடி கேட்காது. தாயாரை அழைத்து விசாரித்தால், கதை பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளிலேயே, சில வேளை முதல் இரண்டு வாரங்களிலேயே தொடங்கியிருக்கும். ஆசிரியன் கையில் வந்து சேரும்போது காலம் கடந்திருக்கும். ஆதலால் எனக்கு இது அந்நியமான விஷயமன்று.

நாடு விடுதலை பெற்ற 1957ஆம் ஆண்டில் மலாயாவில் ஆயிரம் குழந்தைகள் உயிரோடு பிறந்தால், ஏறத்தாழ 75 குழந்தைகள் ஓராண்டு நிறையும் முன்னே மாண்டன. இன்று மலேசியாவில் அந்த எண்ணிக்கை 7 அளவில் நிற்கிறது. லயத்து வீடுகளில் பிறந்து வளர்ந்த என் வயதினருக்கு இது வெறும் கணக்கன்று. விடியுமுன் பெரட்டுக்குப் போகும் தாய், தூளியோடு பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பால் வெட்டப் போவாள். காய்ச்சல் வந்தால் தோட்டத்து டிரெஸ்ஸர் கொடுக்கும் கலவை மருந்துதான் கதி. ஒவ்வொரு வீட்டிலும் "இவனுக்கு முன்னாலே ஒன்று போய்விட்டது" என்று சொல்ல ஒரு பாட்டி இருந்தாள். அந்நிலை மாறியதற்கு நல்ல குடிநீரும், தடுப்பூசியும், தாய்சேய் நலக் கிளினிக்குகளும், வீடு தேடி வரும் மிஸ்ஸிகளுமே காரணம். வாய்ப்புகள் வாசலுக்கு வந்தபின்னும் நாம் சில இடங்களில் சறுக்குகிறோம். அவற்றில் முதலாவதாக நான் வைப்பது மஞ்சட் காமாலை.

பச்சிளங் குழந்தையின் மஞ்சட் காமாலை

பிறந்த முதல் வாரத்தில் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளின் உடலில் ஓரளவு மஞ்சள் தெரியும். பழைய சிவப்பணுக்கள் அழியும்போது பிலிருபின் என்னும் மஞ்சள் பொருள் உண்டாகிறது. பிஞ்சுக் கல்லீரலுக்கு அதை உடனுக்குடன் வெளியேற்றும் திறன் இன்னும் வந்திராது. இரண்டாம் மூன்றாம் நாளில் தோன்றி, நான்காம் ஐந்தாம் நாளில் கூடி, இரண்டு வாரத்துக்குள் தணிந்தால் அது இயல்பானது. தாய்ப்பாலை நாளுக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை கொடுத்து வந்தால் மலத்தின் வழியே மஞ்சள் கழியும்.

ஆனால் எல்லாக் குழந்தைக்கும் அப்படியே முடிவதில்லை. பிலிருபின் அளவு மிகுந்துவிட்டால் அது மூளைக்குள் இறங்கிப் படிகிறது. இதனை மருத்துவர்கள் கெர்னிக்டெரஸ் என்பர். முதலில் குழந்தை சோர்ந்து பால் குடிக்க மறுக்கும். பிறகு கீச்சென்ற குரலில் அழும். உடலை வில்லாக வளைக்கும். பிழைத்தாலும் காது கேளாமையும் கைகால் முறுக்கலும் வாழ்நாள் முழுதும் தங்கிவிடும். போன பாதிப்பைத் திரும்பப் பெற மருந்து கிடையாது. ஆனால் அந்நிலைக்குப் போகாமல் தடுப்பது முற்றிலும் கைகூடும் காரியம்.

நம் பாலத்துக்கு அக்கரையில் நடந்த ஒரு வரலாற்றை இங்கே சொல்ல வேண்டும். 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் சிங்கப்பூரில் பச்சிளங் குழந்தைகளின் சாவுக்கும் ஊனத்துக்கும் இந்தக் கெர்னிக்டெரஸ் ஒரு பெருங்காரணமாக இருந்தது. தாய், தந்தை இரத்த வகை முரண்பாடு ஏதும் இல்லாத குழந்தைகளுக்கும் அது வந்தது மருத்துவர்களுக்குப் புதிராயிற்று. அதே காலத்தில், 1956இல், அமெரிக்காவில் பிரைமகுயின் என்னும் மலேரியா மருந்தை உண்டோரில் சிலருக்கு மட்டும் இரத்தம் சிதைவதை ஆராய்ந்தவர்கள், அவர்களுடைய சிவப்பணுக்களில் ஜி6பிடி என்னும் நொதி குறைவாயிருப்பதைக் கண்டனர். சிங்கப்பூரில் காரணம் தெரியாமல் மஞ்சள் முற்றிய குழந்தைகள் பலருக்கும் இதே குறைபாடு இருப்பது வெளிப்பட்டது. பேராசிரியர் வோங் ஹாக் பூன் போன்ற குழந்தை மருத்துவர்கள் வீடுகளில் நடப்பதையும் விசாரித்தனர். சில நாட்டு மூலிகைக் கஷாயங்களும், துணிப்பெட்டியில் போடும் நாப்தலின் உருண்டையும் இக்குழந்தைகளின் இரத்தத்தைச் சிதைக்கத் தூண்டுகோலாவது தெரிந்தது. 1965 முதல் அங்கே பிறக்கும் குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்தைச் சோதிக்கும் திட்டம் வந்தது. குறைபாடுள்ள குழந்தைகளை மூன்று வாரம் வரை மருத்துவமனையிலேயே வைத்துக் கண்காணித்தனர். கெர்னிக்டெரஸ் அங்கே அருகிப்போயிற்று.

நம் நாட்டிலும் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்தில் இச்சோதனை செய்யப்படுகிறது. முடிவு குழந்தையின் சுகாதாரப் பதிவுப் புத்தகத்தில் எழுதப்பட்டிருக்கும். பெற்றோர் அந்தப் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. இது தாய் வழியாக வரும் மரபுக் குறை. ஆண் பிள்ளைகளையே பெரிதும் பாதிக்கும். சீனர், மலாய்க்காரரிடையே கூடுதலாகக் காணப்பட்டாலும் நம்மவரிடமும் உண்டு. "அது சீனக் குழந்தைகளுக்கு வருவது" என்று ஒரு தாத்தா என்னிடம் அடித்துச் சொன்னார். அவருடைய பேரனின் புத்தகத்திலேயே குறைபாடு என்று எழுதியிருந்தது.

குறைபாடு உள்ள வீட்டில் முதலில் அப்புறப்படுத்த வேண்டியது அந்துருண்டை. மலாயில் 'உபாட் கெகாட்' என்று கடையில் கேட்டு வாங்குகிறோமே, அதுதான். நம் பெண்கள் பட்டுப் புடவையும் பழைய பருத்திப் புடவையும் அடுக்கிய அலமாரியில் அதைப் போட்டு வைப்பர். பிள்ளை பிறந்ததும் தூளி கட்டவும் போர்த்தவும் அதே பருத்திப் புடவையை எடுத்துக் கொடுப்பர். வாசனை படிந்த துணியில் படுத்திருப்பதே போதும், சில குழந்தைகளுக்கு இரத்தம் சிதையத் தொடங்கிவிடும். குழந்தை பிறக்குமுன்பே துணிகளை எடுத்துத் துவைத்து, வெயிலில் நன்றாக உலர்த்தி வைப்பது பாட்டிமார் செய்யக்கூடிய அரும்பணி. ஃபாவா பீன்ஸ் எனப்படும் அகன்ற மொச்சையையும் மருத்துவரைக் கேளாத எந்த மருந்தையும் இக்குழந்தைகள் வாழ்நாள் முழுதும் தவிர்க்க வேண்டும்.

இனி மஞ்சள் குளியல். பிறந்த குழந்தைக்கு மஞ்சள் பூசி நீராட்டும் வழக்கம் நம்மிடம் உண்டு. அந்த இரு வாரம் மட்டும் அதை நிறுத்தி வையுங்கள் என்பேன். தோலில் பூசிய மஞ்சள் எது, உள்ளிருந்து எழும் மஞ்சள் எது என்று மிஸ்ஸிக்கே தெரியாமற் போகும். நம்முடைய மாநிறத்தில் மஞ்சளைக் கண்டுபிடிப்பது முன்னமே கடினம். பகல் வெளிச்சத்தில் கண்ணின் வெண்படலத்தையும் ஈறுகளையும் பார்க்க வேண்டும். நெற்றியிலும் மார்பிலும் விரலால் அழுத்தி எடுத்த இடம் மஞ்சளாகத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். முகத்தில் தொடங்கும் மஞ்சள் வயிறு, தொடை, பாதம் என்று கீழிறங்கினால் அளவு ஏறுகிறது என்று பொருள்.

காலை வெயிலில் காட்டினால் போதாதா என்று பலரும் கேட்கிறார்கள். இந்த நம்பிக்கைக்கு ஓர் அடிப்படை இல்லாமலில்லை. 1956இல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பகுதியிலுள்ள ரோச்ஃபோர்ட் மருத்துவமனையில், குறைமாதக் குழந்தைகளை வெயிலுக்குக் கொண்டுபோகும் வழக்கமுடைய வார்டு சிஸ்டர் ஒருவர், வெயில் பட்ட இடத்தில் மஞ்சள் வெளிறியும், துணி மூடிய இடத்தில் அப்படியே இருப்பதையும் கண்டு மருத்துவர்களுக்குக் காட்டினார். அதிலிருந்தே நீல ஒளி விளக்குச் சிகிச்சை பிறந்தது. 1958இல் ஆய்வேடாகவும் வந்தது. ஆனால் விளக்கின் ஒளி அளந்து கொடுக்கப்படுவது. மேலும் அங்கே இரத்தம் சோதித்து அளவு பார்க்கிறார்கள். நம் வாசலில் ஏழு மணி வெயிலுக்கு அளவு ஏது? ஜொகூர் வெயிலில் குழந்தைக்கு நீர் வற்றிப்போவதும் உண்டு. "இன்னும் இரண்டு நாள் வெயிலில் காட்டிப் பார்ப்போம்" என்று கழியும் அந்த இரண்டு நாள்தான் ஆபத்தானது.

பிறந்த இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தாலும் அவ்வாறே. பதினான்கு நாளுக்குப் பின்னும் மஞ்சள் நீடித்தால் மலத்தின் நிறத்தைக் கவனியுங்கள். களிமண் போல வெளுத்த மலமும் கரும்மஞ்சள் சிறுநீரும் பித்தக்குழாய் அடைப்பின் அடையாளம். ஜப்பானிய மருத்துவர் மோரியோ கசாய் கண்டுபிடித்த அறுவை சிகிச்சையை ஏறக்குறைய 60 நாளுக்குள் செய்தால் பலன் அதிகம். தாமதிக்கத் தாமதிக்கக் கல்லீரல் கெட்டுப்போகும்.

இன்னொன்று. நம் பெண்கள் தலைப்பிரசவம் முடிந்ததும் தாய்வீட்டுக்குப் போவது முறை. கூலாயில் பதிவு செய்தவள் சிகாமட்டில் இருப்பாள். மிஸ்ஸி கூலாய் வீட்டில் கதவைத் தட்டிவிட்டுத் திரும்புவார். மருத்துவமனையை விட்டுக் கிளம்பும்போதே, தங்கப்போகும் வீட்டு முகவரியைச் சொல்லி, அவ்வட்டாரக் கிளினிக்குக்கும் தொலைபேசியில் தெரிவித்துவிட வேண்டும். இதற்கு ஐந்து நிமிடம் ஆகாது.

பாலும் உணவும்

சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர் 1936இல் மலாயாவுக்கு வந்தார். ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்டில் பணியாற்றியபோது, சத்துக்குறைவால் குழந்தைகளுக்கு வரும் குவாஷியோர்கர் நோயை உலகுக்கு அறிவித்தவர் அவர். இங்கே அவர் கண்டது வேறொரு கொடுமை. இனிப்புச் சேர்த்த டின்பாலைத் தாய்ப்பாலுக்கு நிகரென்று விளம்பரம் செய்து தாய்மாரிடம் விற்றுக்கொண்டிருந்தார்கள். அதில் சர்க்கரை மிகுதி. குழந்தைக்கு வேண்டிய உயிர்ச்சத்துகள் குறைவு. 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் அவர் ஆற்றிய உரைக்கு 'பாலும் கொலையும்' என்றே தலைப்பு வைத்தார். தவறான விளம்பரத்தால் நேரும் குழந்தைச் சாவைக் கொலையாகவே கருத வேண்டும் என்பது அவர் கட்சி. ஜப்பானியர் காலத்தில் சாங்கிச் சிறையில் அடைபட்டு, பிழைத்து வெளிவந்து, 1948இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் தாய்சேய் நலப் பிரிவுக்கு முதல் தலைவரானார். தாய்ப்பாலுக்கு மாற்றான பால்மாவை விற்பதற்கு அந்நிறுவனம் நெறிமுறை வகுத்தது 1981இல்தான்.

இன்று யாரும் கைக்குழந்தைக்கு டின்பால் கரைத்துக் கொடுப்பதில்லை. ஆனால் ஒரு வயதானதும் தொடங்குகிறது. டின்பால் ஊற்றிய தேநீரில் பிஸ்கட்டை நனைத்து ஊட்டுவது நம் வீடுகளில் பாசத்தின் அடையாளம். தேநீர், உணவிலுள்ள இரும்புச்சத்தை உடலில் சேரவிடாது. இனிப்போ பசியைக் கெடுக்கும். மற்றொரு பக்கம் நாள் முழுதும் புட்டிப்பால். பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. புட்டுப்புட்டென்று கன்னம் வைத்த குழந்தை இரத்தசோகையோடு இருப்பதன் இரகசியம் இதுதான். சோகை பிடித்த பிள்ளை கற்பதிலும் பின்தங்கும் என்பதை வகுப்பறையில் கண்கூடாகக் கண்டவன் நான். ஆறு மாதம் நிறைந்ததும் குழைந்த சோற்றோடு பருப்பு, முட்டை, மீன், ஈரல், முருங்கைக்கீரை என்று சேர்க்க வேண்டும். ஒரு வயதுக்குமேல் பால் நாளுக்கு அரை லிட்டருக்கு மிகாமல் இருந்தால் சோறு இறங்கும். வாயில் புட்டியோடு உறங்கவைப்பதால் முன்பற்கள் சொத்தையாவது தனிக்கதை.

கோயிலுக்கு வருவோர் சிறப்பாகக் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று தேன். பிறந்த குழந்தைக்குச் சேனை தொட்டு வைப்பதிலும், அபிஷேகப் பஞ்சாமிர்தத்திலும் தேன் உண்டு. தேனில் சில வேளை இருக்கும் ஒருவகை நுண்ணுயிர் வித்து, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சைச் சுரந்து, தசைகளைத் தளர்த்தி, மூச்சையே நிறுத்தக்கூடும். 1976இல்தான் இந்நோயை மருத்துவ உலகம் இனங்கண்டது. பெரியவர்களுக்கு அத்தேன் அமுதமே. ஓராண்டு நிறையாத குழந்தையின் நாவில் மட்டும் வேண்டாம். விபூதியிட்டு ஆசி பெற்றுச் சென்றால் போதும்.

மற்றொன்று கற்பூரம். வெள்ளை வெளேரென்ற வில்லை, தவழும் பிள்ளைக்கு மிட்டாய்தான். ஒரு சிறு வில்லையை விழுங்கினாலே சில நிமிடங்களில் வலிப்பு வரலாம். ஒரு கிராம் அளவு சிறு குழந்தையின் உயிருக்கே ஆபத்து. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் கற்பூரத்தால் வலிப்புக் கண்ட குழந்தைகளைப் பற்றி 2009இல் மருத்துவ ஏட்டில் ஆய்வு வந்தது. அங்கே அதைப் பூச்சிகளை விரட்டவும் சளிக்கு மருந்தாகவும் பயன்படுத்தினர். நம் பூசை மாடங்களோ பெரும்பாலும் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கின்றன. இறுக மூடிய டப்பாவில், உயரத்தில் வையுங்கள். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கச் செய்ய வேண்டாம். டப்பாவையும் எடுத்துக்கொண்டு நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சளிக்கென்று கற்பூரத் தைலத்தைக் குழந்தையின் மூக்கருகில் தடவுவதும் தகாது.

காய்ச்சலும் வலிப்பும்

மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 பாகை காய்ச்சல் என்றால் வீட்டில் வைத்துப் பார்க்கலாகாது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேருக்குக் காய்ச்சலோடு வலிப்பு வரும். பார்க்கப் பயங்கரமாயிருக்கும், பெரும்பாலும் தீங்கின்றி அடங்கும். கையில் சாவிக்கொத்தைத் திணிப்பது, வாயில் கரண்டியை நுழைப்பது, தண்ணீர் ஊற்றுவது எல்லாம் பல்லையும் மூச்சையும்தான் கெடுக்கும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் அவசர வண்டியை அழைக்க வேண்டும். முதன்முறை வலிப்பு வந்த பிள்ளையை, அடங்கிவிட்டாலும் மருத்துவர் பார்க்க வேண்டும். ஆஸ்பிரின் கூடவே கூடாது. பாரசிட்டமோல் எடைக்குத் தக்க அளவில்.

தடுப்பூசி பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை என்றே நினைத்தேன். ஆனால் 2016இல் தொண்டை அடைப்பான் நம் நாட்டில் குழந்தைகளைப் பலிகொண்டது. 1992க்குப் பின் இல்லாதிருந்த போலியோ, 27 ஆண்டு கழித்து 2019 டிசம்பரில் சபாவில் மூன்று மாதக் குழந்தைக்கு வந்தது. தடுப்பூசி வேண்டாமென்று கைத்தொலைபேசியில் வரும் செய்திகளை நம்புவோர் நம்மிடமும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த இரண்டு செய்தியும் போதும்.

நடையும் பேச்சும்

ஒன்பது மாதத்தில் பிடிப்பில்லாமல் உட்கார வேண்டும். பதினெட்டு மாதத்துக்குள் நடக்க வேண்டும். சில பிள்ளைகள் பத்து மாதத்திலேயே நடக்கும். அதில் பெருமையும் இல்லை, பின்னால் நடப்பதில் குறையும் இல்லை. சக்கர வாக்கரில் போட்டால் சீக்கிரம் நடக்கும் என்பது தவறு. படிக்கட்டில் உருண்டு விழுந்த விபத்துகளுக்காகக் கனடா நாடு 2004இல் அதன் விற்பனையையே தடை செய்தது.

பேச்சைப் பற்றித்தான் என் மனத்தில் இருப்பதைச் சொல்ல வேண்டும். "அவன் அப்பனும் நாலு வயதில்தான் பேசினான்" என்ற ஒரு வாக்கியம் எத்தனை பிள்ளைகளின் பொன்னான காலத்தை விழுங்கியிருக்கிறது! ஓராண்டு நிறைவில் பெயர் சொல்லி அழைத்தால் திரும்ப வேண்டும்; வேண்டியதை விரலால் சுட்ட வேண்டும். ஒன்றரை வயதில் சில சொற்களாவது வர வேண்டும். இரண்டு வயதில் "அம்மா வா", "பால் வேணும்" என்று இரு சொல் சேர வேண்டும். முன்பு சொன்ன சொல்லை எந்த வயதில் இழந்தாலும், முகம் பார்ப்பதை விட்டுவிட்டாலும், அதற்குமேல் காத்திருக்கலாகாது.

முதலில் செய்ய வேண்டியது காதுச் சோதனை. கதவு அறைந்தால் திரும்புகிறான், ஆகவே கேட்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறோம். அதிர்வைக் கண்டு திரும்பும் பிள்ளைக்கு 'ச', 'த' ஒலிகள் கேட்காமலிருக்கலாம். முதல் வாரத்தில் மஞ்சட் காமாலை முற்றிய குழந்தைக்கு இச்சோதனை கட்டாயம் வேண்டும். என் வகுப்பில் ஒரு பையன் மந்தபுத்தி என்று பெயர் வாங்கிக் கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தான். காதுக் கருவி பொருத்தியபின் அவன் முதன்முதலாகக் கேட்டது, கூரையில் மழை விழும் சத்தம் என்ன என்பதை.

அடுத்து, "வீட்டில் தமிழ் பேசுகிறீர்கள், வெளியே மலாயும் ஆங்கிலமும், அதனால்தான் குழந்தை குழம்பிப் பேசவில்லை, தமிழை நிறுத்துங்கள்" என்று அறிவுரை கூறுவோர் இருக்கிறார்கள். படித்தவர்களும் கூறுகிறார்கள். இரண்டு மூன்று மொழி கேட்டு வளர்வதால் பேச்சுக் கோளாறு உண்டாவதில்லை என்பதே மொழி வளர்ச்சியை ஆராய்ந்தோர் கண்ட முடிவு. ஒரு மொழியில் பத்துச் சொல், மற்றொன்றில் பத்துச் சொல் என்றால் இருபதாகவே எண்ண வேண்டும். தாத்தா பாட்டிக்கு நன்றாக வரும் மொழியை நிறுத்திவிட்டால் அவர்கள் குழந்தையிடம் பேசுவதே நின்றுபோகும், இழப்பு பிள்ளைக்குத்தான். நிறுத்த வேண்டியது கைத்தொலைபேசியை. 2019இல் உலகச் சுகாதார நிறுவனம், இரண்டு வயது நிறையும் வரை திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணிக்கு மேல் வேண்டாம் என்று நெறி வகுத்தது. சோறு ஊட்ட நிலாவைக் காட்டினர் நம் முன்னோர். நாம் காட்டுவது யூடியூப்.

பதினெட்டாம் மாதத்தில் கிளினிக்கில் மிஸ்ஸி, 'எம்-சாட்' என்னும் கேள்வித்தாளைத் தருவார். ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைகளை முன்கூட்டியே அறிய உதவுவது அது. பலரும் கௌரவம் கருதி எல்லாவற்றுக்கும் "ஆம்" என்று குறித்துக் கொடுத்துவிடுகிறார்கள். உள்ளபடி குறித்தால், தேவைப்படும் பிள்ளையை மருத்துவமனைக் குழந்தைப் பிரிவுக்கும், செவிச் சோதனைக்கும், பேச்சுப் பயிற்சிக்கும் அனுப்புவார்கள். காத்திருப்போர் வரிசை நீளம். ஆகவே பெயர் கொடுப்பதைத் தள்ளிப் போடலாகாது.

சமூகநலத் துறையின் கீழ் 'பி.டி.கே.' எனப்படும் சமூக மறுவாழ்வு நிலையங்கள் இயங்குகின்றன. 1984இல் திரெங்கானுவின் பத்து ராக்கிட்டில் முதலாவது தொடங்கியது. இன்று ஜொகூர் உட்பட எல்லா மாநிலங்களிலும் உள்ளன. மருத்துவர் சான்றளித்தால் அத்துறையிடம் 'ஓ.கே.யு.' அட்டை பெறலாம். உதவித் தொகை, சிறப்புக் கல்வி வகுப்பு முதலியவற்றுக்கு அதுவே வழி. பெண் பிள்ளையாயிருந்தால் நாளை கல்யாணத்துக்குத் தடையாகும் என்று அட்டை வாங்க மறுத்த குடும்பங்களை அறிவேன். அட்டை விவரம் அரசாங்கப் பதிவேட்டில் இருப்பது. ஊரில் யாருக்கும் தெரியப்போவதில்லை. விண்ணப்பத்துக்குப் பெற்றோரின் அடையாள அட்டை, குழந்தையின் பிறப்புப் பத்திரம், மருத்துவர் நிரப்பிய படிவம், கடவுச்சீட்டளவு படம் ஆகியவற்றை எடுத்துச் செல்ல வேண்டும். படிவம் நிரப்பத் தயங்குவோர் வெள்ளிக்கிழமை மாலைப் பூசைக்குப் பின் கோயில் அலுவலகத்தில் என்னைக் காணலாம்.